பதில் தட்டாத சுவர்

அத்தியாயம் ஒன்பது

அந்தச் சுவர் மௌனமாகி அன்றோடு முப்பது நாள்.

சுங்குவார்சத்திரத்தை அடுத்த சிற்றூரில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு வீடுகளை நம் வாசகர்கள் அறிவார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் பாண்டுரங்கனும் ஜீவானந்தமும் பக்கத்துப் பக்கத்து மனைகளை வாங்கி, செங்கல் மிச்சம் பிடிப்பதற்காக நடுவில் ஒரே சுவரை எழுப்பிக் குடிவந்தவர்கள். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலை. ஒரே பேக்கிங் பிரிவு. விடியற்காலை ஐந்து பத்துக்கு ஒரே கம்பெனி பஸ்.

நாலரை மணிக்கு முதலில் விழிப்பவர் பாண்டுரங்கன். படுத்தபடியே கையை நீட்டிச் சுவரில் மூன்று தட்டு. அப்புறத்திலிருந்து இரண்டு தட்டு வரும். எழுந்தாயா, எழுந்துவிட்டேன் என்பது அதன் பொருள். கைப்பேசியில் அலாரம் வைக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் வரவே இல்லை.

கோபம் வந்தால் மட்டும் ஜீவானந்தம் பதில் தட்டமாட்டார். குழம்பில் உப்பு கூடியதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் மனிதர் அவர். ஒருமுறை கேரம் ஆட்டத்தில் தோற்றதற்காக மூன்று நாள் சுவர் ஊமையாகக் கிடந்தது. நான்காம் நாள் பஸ்ஸில் பிளாஸ்க் மூடியில் இஞ்சித் தேநீரை ஊற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினார். அவ்வளவுதான் சமாதானம்.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு நாள், ஜீவானந்தத்தின் மனைவி அமலா இரண்டு நாளைக்கென்று மறைமலை நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் விடியலில் பாண்டுரங்கன் தட்டினார், பதில் இல்லை. முந்தின நாள் பஸ்ஸில் நடந்த சச்சரவு நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே தனியாகப் புறப்பட்டுப் போனார். காலை எட்டு மணிக்குப் பாண்டுரங்கனின் மனைவி செங்கமலம் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தபோது, ஜீவானந்தத்தின் உடல் சில்லிட்டிருந்தது.

அந்த மாற்றுச் சாவி பாண்டுரங்கனின் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று விடியலில் அவர் சட்டையை எடுத்த ஆணிக்கு அடுத்த ஆணி.

மருத்துவமனை வாசலில் ஜீவானந்தத்தின் மகள் ஜாஸ்மின் அழுதுகொண்டே பாண்டுரங்கனைக் கேட்டாள். "பெரியப்பா, காலைல அப்பா எழுந்தாரா?"

"தட்டினேம்மா. பதிலும் தட்டினான். பஸ்ஸுக்குத்தான் வரல, லீவு போட்டுட்டான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டார்.

ஏன் சொன்னார் என்று அவருக்கே அப்போது தெரியாது. சொல் வாயைவிட்டு வெளியேறிய பிறகு அதைத் திரும்ப அழைக்க முடியவில்லை. நெஞ்சு நின்றுபோன நேரத்தை உறுதியாகச் சொல்ல இயலாது என்று மருத்துவர் கைவிரித்தார். ஆகவே பாண்டுரங்கனின் சொல்லே அந்த மரணத்துக்குக் கடிகாரமாயிற்று.

முப்பதாம் நாள் விடியலிலும் அவருக்கு நாலரைக்கு விழிப்பு வந்தது. கை தானாகச் சுவரை நோக்கி நீண்டது. விரல் முட்டி சுண்ணாம்பைத் தொடும் முன் இழுத்துக்கொண்டு, போர்வைக்குள் அதைப் பொத்தி வைத்தார்.

"கை இன்னா பண்ணுச்சு உன்னை? அதைப் போய் அமுக்கிகினு கீறியே" என்றாள் செங்கமலம் இருட்டிலிருந்து.

"குளிருது."

"குளிருக்கு எழுந்து அடுப்பைப் பத்த வை. பூசைக்கு வர்றவங்களுக்கு வெந்நீர் வேணாமா?"

*

மாதா கோயிலில் ஆறரை மணிக்கு முப்பதாம் நாள் பூசை. கோயில் முற்றத்தில் பனி கால்முட்டு உயரத்துக்குக் கிடந்தது. நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் விளக்குகள் மட்டும் மஞ்சளாய் மிதந்து மறைந்தன. பாண்டுரங்கன் மங்கி குல்லாவோடு உள்ளே நுழையப்போனார்.

"அதை அவுரு. கோயிலுக்குள்ள திருடன் மாரி வருவியா?" என்று செங்கமலம் அவர் காதருகே கடிந்தாள். அவர் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

பாதிரியார் ஜீவானந்தத்தின் பெயரைச் சொன்னபோது முன்வரிசையில் அமலாவின் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. அதற்குமேல் அவள் அழவில்லை. அது பாண்டுரங்கனுக்கு அச்சமாக இருந்தது. இந்த முப்பது நாளில் அவள் பாதியாகிவிட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. துக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் செங்கமலமும் அமலாவும் பின்கட்டுக்குப் போனார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அங்கே ஒரு வெந்நீர் அடுப்பு உண்டு. மூன்று கருங்கல்லும், கரி ஏறிய ஓர் அண்டாவுமாகப் பனிக்காலம் தொடங்கினால் அது மூட்டப்படும். தை முடிந்தால்தான் அணையும். தொழிற்சாலையிலிருந்து உடைத்துக் கொண்டுவரும் பெட்டிப் பலகைகள்தான் விறகு. ஷிப்டு முடிந்து வரும் ஆண்களுக்கு நீர் காயும்வரை, அந்த அடுப்பைச் சுற்றி நால்வரும் குந்தி ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது மூவர்.

வாளியை எடுத்துக்கொண்டு வந்த பாண்டுரங்கன் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். பேச்சுக் குரல் அவரை நிறுத்தியது.

"ராத்திரி தூங்கினியாடி?"

"எங்கக்கா தூக்கம்? அஞ்சு மணியானா போனைக் கையில வச்சிகினு குந்திக்கிறேன்."

"யாருக்குப் போன் பண்ண?"

"அவருக்குத்தான். நான் ஊருக்குப் போனா தெனம் அஞ்சு மணிக்குப் பண்ணுவேன் இல்ல? ஸ்வெட்டர் போட்டியா, மாத்திரை முழுங்கினியான்னு. அன்னிக்கு மட்டும் பண்ணலக்கா. செம குளிரு. பொண்ணு கம்பளியைப் போத்தி வுட்டா. ஏழு மணி வரைக்கும் அடிச்சுப் போட்டாப்ல தூங்கிட்டேன்."

"அசதியில தூங்கினதுக்கு நீ இன்னாடி பண்ணுவ?"

"நாலரைக்குச் சொவத்தைத் தட்டினவரு அஞ்சு மணிக்குப் போனை எடுத்திருக்க மாட்டாராக்கா? நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு. நான் உனக்குப் பண்ணியிருப்பேன். நீ சாவியைத் தூக்கிகினு ஓடியிருப்ப."

அடுப்பில் பலகை வெடித்தது.

"நான் தூங்கினேன். அவரு போயிட்டாரு" என்றாள் அமலா. அழுகை இல்லாத, பலமுறை சொல்லித் தேய்ந்த குரல்.

பாண்டுரங்கன் வாளியைத் தரையில் வைத்தார். அது சத்தம் செய்யாமல் இருக்க அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டார்.

குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. ஏரிக்கரையில் எலியும் நண்டும் அடுத்தடுத்து வளை தோண்டி வாழ்ந்தன. ஒரு பனிக்காலத்தில் கரைமேலிருந்து கல்லொன்று உருண்டு வந்து எலிவளையின் வாயை அடைத்தது. எலி தன் பலம் முழுவதையும் கூட்டித் தள்ளிற்று. கல் நகர்ந்தது, வெளிச்சம் வந்தது. எலி மகிழ்ந்து வெளியே ஓடிற்று. மாலையில் திரும்பி வந்து படுத்தபோது, மண்ணுக்கு அப்பால் நண்டின் வளையில் ஏதோ சுரண்டும் ஓசை கேட்டது. தான் தள்ளிய கல் எங்கே போய் நின்றது என்று எலி அதுவரை பார்த்திருக்கவில்லை.

*

மதியச் சாப்பாடு முடிந்து உறவினர்கள் கலைந்தார்கள். வாசலில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பாண்டுரங்கனிடம் ஜாஸ்மின் வந்தாள். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருப்பவள். எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவள்.

"பெரியப்பா, நாளைக்கு எட்டு மணிக்குச் சாமான் ஏத்தக் குட்டியானை வண்டி வருது. அம்மாவை எங்க வீட்டுக்கே கூட்டிகினு போறேன்."

"நாளைக்கேவா? இன்னா அவசரம்?"

"எனக்கு அவசரமில்ல. அம்மாதான் கேட்டாங்க. அந்தச் சொவத்துப் பக்கம் படுக்கவே முடியலையாம். கண்ணை மூடினா அப்பா தட்ற சத்தம் கேக்குதாம்." அவள் குரல் இறங்கியது. "நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் புடிச்சுகினு இருக்காங்க. கடைசியா அப்பா பதில் தட்டினாருன்னு."

பாண்டுரங்கனின் கையிலிருந்த நாற்காலி பாதி மடிந்தபடி நின்றது.

"இன்னா பெரியப்பா, ஒரு மாதிரி இருக்கீங்க? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேம்மா" என்றார். மாத்திரை விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

நாளை எட்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தாம் தள்ளிய கல்லையும் பெட்டி படுக்கையோடு அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியவர் ஆவார். சொன்னாலோ, இத்தனை ஆண்டுகளின் தோழமையில் மிச்சமிருக்கும் அமலாவின் முகத்தையும் இழக்க நேரிடலாம்.

நான்கு மணிக்கு ஜாஸ்மின் கடைத்தெருவுக்குக் கயிறு வாங்கப் போனாள். அமலா அலமாரியின் முன் தரையில் அமர்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பரண்மேல் காகித நட்சத்திரம் பிரிக்கப்படாமலே கிடந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு அதை ஏற்ற ஆளில்லாமல் போயிற்று.

"வாண்ணா, குந்து. நானே உன்னைக் கூப்புடலாம்னு இருந்தேன்."

அவள் ஒரு மஃப்ளரை எடுத்து நீட்டினாள். காப்பி நிறம்; ஓரம் நைந்தது. ஜீவானந்தத்தின் கழுத்தில் எத்தனையோ பனிக்காலம் கிடந்த மஃப்ளர்.

"இதை நீ வச்சிக்கோ. பஸ் ஜன்னல் இன்னும் மூடல இல்ல? இனிமே உனக்குப் பதிலா குந்த ஆளில்ல."

"எனக்குப் பதிலாவா? மாத்தி மாத்தித்தானே குந்துவோம்?"

அமலாவின் உதடு அன்று முதன்முறையாகச் சிறிது மலர்ந்தது. "நல்லா மாத்தினீங்க! உன் மொறை வர்ற அன்னிக்கெல்லாம் அவரு முந்தி ஏறி ஜன்னலாண்ட குந்திக்குவாராமே. 'பாண்டுவுக்குச் சளி புடிச்சா பத்து நாள் வுடாது. நம்ம ஒடம்பு எஃகு'ம்பாரு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு வேற சத்தியம் வாங்கினாரு. இப்ப சொன்னா இன்னா, அவரா வந்து கேக்கப் போறாரு?"

பாண்டுரங்கன் மஃப்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி பஸ்ஸில் இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல். கண்ணாடி நான்கு விரற்கடை மூடாது. மார்கழிக் காற்று அதன் வழியே ஊசியாய் இறங்கும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அவர் படிக்கட்டில் நின்று டிரைவர் மாசானத்தோடு அரட்டை அடித்துவிட்டு ஏறும்போது, பல நாள்களில் ஜீவானந்தம் ஏற்கெனவே ஜன்னலோரம் அமர்ந்திருப்பார். "மொறையைக்கூட எண்ணத் தெரியாத பையன்" என்று பாண்டுரங்கன் கேலி செய்வார். ஜீவானந்தமும் தலையைச் சொறிந்து சிரிப்பார்.

அந்தக் கடைசி நாள், முறை உண்மையாகவே ஜீவானந்தத்துடையது.

"பாண்டு, இன்னிக்கு நீ குந்துடா அங்க. மாரு அடைச்சாப்ல கீது."

"உன் மொறை வந்தாத்தான் மாரு அடைக்குமா? டிராமா போடாத, குந்து."

பஸ்ஸே சிரித்தது. ஜீவானந்தம் ஒன்றும் பேசாமல் ஜன்னலோரம் அமர்ந்தார். மாலை வீடு திரும்பும்போது 'வரேன்' என்ற ஒரு சொல்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினாறு ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் அவன் வாய்விட்டுக் கேட்டான்.

"அமலா" என்றார் பாண்டுரங்கன். "அன்னிக்கு அவன் தட்டலம்மா."

மடித்த சேலையை நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் மூணு வாட்டி தட்டினேன். சத்தமே இல்ல. மொதநாள் பஸ்ல நான் அவனைக் கிண்டல் பண்ணிட்டேன். கோச்சிகினு கீறான்னு நெனச்சிட்டேன். கெளம்பிப் போயிட்டேன். ஆஸ்பத்திரியில பொண்ணு கேட்டப்ப, எப்டிச் சொல்றதுன்னு தெரியாம... பதில் தட்டினான்னு சொல்லிட்டேன். பொய்யி. மாரு அடைக்குதுன்னு அவன் சொன்னதும் எனக்குத் தெரியும்."

வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"நாலரைக்கு அவரு தட்டல?"

"தட்டல."

"சாவி உங்க வூட்லதான் இருந்துச்சு."

"ஆமா."

"போயி பாக்கல."

"பாக்கலம்மா."

அமலா சேலையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "நாலரைக்கே அவரு போயிட்டாரா, இல்ல மூச்சு இருந்துச்சா? சொல்ல முடியாமக் கெடந்தாரா?" அவள் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

மருத்துவரே கைவிரித்த கேள்வி அது.

"அமலா, நீ போன் பண்ணாததால ஒண்ணும் ஆகல. அதை மட்டும் எடுத்துப் போட்டுடு. தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான்..."

"முப்பது நாளு" என்றாள் அவள். "முப்பது நாளா, நான் தூங்கின அந்த ரெண்டு மணி நேரத்தை வச்சிகினு செத்துகினு இருக்கேன். நீங்க பின்னாடி குந்தி வெந்நீர் காய வச்சிகினு இருந்தீங்க."

எப்போதும் 'நீ' என்றும் 'அண்ணா' என்றும் வாய் நிறைய அழைப்பவள். அந்த 'நீங்க' பாண்டுரங்கனிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று பேசிற்று.

"ஜாஸ்மினுக்கு நான் சொல்ல மாட்டேன்" என்று எழுந்தாள். "பொய்யை யார் கிட்ட சொன்னீங்களோ அவகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்ப போயிடுங்க."

அவர் மஃப்ளரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"அதை எடுத்துகினு போங்க. அவரு உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பாரு."

*

அன்று மாலை வெந்நீர் அடுப்பு மூட்டப்படவில்லை. செங்கமலம் அமலாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். தலைவலி என்று பதில் வந்தது. இரவு கணவர் சொன்ன எல்லாவற்றையும் செங்கமலம் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "என்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாலரை.

பாண்டுரங்கன் விழித்துக் கிடந்தார். சுவருக்கு அப்பால் ஓசையேதும் இல்லை. பாத்திரம் உருளவில்லை, தண்ணீர் விழவில்லை, மின்விசிறி நின்ற வீட்டின் குளிர்கால நிசப்தம். தூக்கமின்றிப் போனோடு உட்காருபவள், இன்று உட்கார்ந்திருக்கிறாளா?

கையை நீட்டி மூன்று முறை தட்டினார்.

பதில் இல்லை.

கோபம் என்று மனம் சொன்னது. முப்பத்தோரு நாளுக்கு முன்பும் அது இதையேதான், இதே குரலில் சொல்லிற்று.

அவர் போர்வையை உதறி எழுந்தார். மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே வந்தார். சிமெண்டுத் தரை பாதத்தைக் கடித்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது.

தெருமுனையில் பனியைத் துளைத்துக்கொண்டு கம்பெனி பஸ் வந்து நின்றது. ஹாரன் ஒலித்தது. மாசானம் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, அங்க நிக்கிய? ஏறலியா?"

"நீ போ மாசானம்."

"லீவு சொல்லியாச்சா?"

"சொல்லல. நீ போ."

பஸ் நகர்ந்தது. மூடாத அந்த மூன்றாவது ஜன்னல் ஆளில்லாமல் அவரைக் கடந்து போயிற்று.

"அமலா!" என்று கதவில் உள்ளங்கையை வைத்து அழைத்தார். "நாந்தான். கதவைத் தொறக்க வேணாம். கோவம்னா கோவம்னு வாயைத் தொறந்து சொல்லு. சொல்லிட்டா போயிடுறேன். சொல்லாம மட்டும் இருந்துடாத தாயே."

உள்ளே ஒன்றுமில்லை. அவருடைய மூச்சு மட்டும் கதவில் பட்டு வெண்மையாய்ப் படர்ந்தது. ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து வரத் திரும்பினார்.

"கோவந்தாண்ணா."

கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது அந்தக் குரல். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்தாளோ!

"ரொம்பக் கோவம். நீ போ."

பாண்டுரங்கன் படியிலேயே உட்கார்ந்து, மஃப்ளரின் நைந்த ஓரத்தை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். முப்பத்தோரு நாளில் அவர் அழுதது அப்போதுதான்.

உள்ளே விளக்கு எரிந்தது. தூக்கம் கலைந்த இன்னொரு குரல் கேட்டது.

"யார் மேலம்மா கோவம்? இன்னா நடந்துச்சு?"

அமலா பதில் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். தாழ்ப்பாள் விலகிற்று, கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்தியபடி ஜாஸ்மின், படியில் உட்கார்ந்திருந்தவரைக் குனிந்து பார்த்தாள்.

"பெரியப்பா? பஸ்ஸுக்குப் போகலையா நீங்க?"